வைரஸின் கட்டமைப்புப் புரதங்கள் எப்போது, எங்கே வெட்டப்படுகின்றன? (விவாத இழை)

காட்பாடி_ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் படிக்கும் ஒரு வழிகாட்டி நூலில், புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) தடுப்பு மருந்துகள் வைரஸின் நீண்ட புரதச் சங்கிலி வெட்டப்படுவதைத் தடுக்கின்றன என்றும், எனவே புதிய வைரஸ் துகள்கள் செல்லை விட்டு வெளியேறுவதில்லை என்றும் ஒரு விடை அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த விடை எல்லா வைரஸ்களுக்கும் பொருந்துமா என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு இன்னொரு ஐயமும் உண்டு. மரபுப் பொருளைச் சூழ்ந்த புரத உறையின் பகுதிகளைத் தனித்தனியாகவே செய்துகொள்ளாமல், ஒரே சங்கிலியாகச் செய்து பிறகு துண்டாக்குவதால் வைரஸுக்கு என்ன பயன்? இத்துறையில் பணியாற்றிய அன்பர்கள் விரிவாக விளக்கினால், அதை வகுப்பில் அப்படியே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பாலாற்றங்கரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். அந்த விடையின் முற்பகுதி சரியானது. 'எனவே' என்பதற்குப் பின் வருவது சில வைரஸ்களுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது. எந்த வெட்டு, துகள் கட்டப்படுவதற்கு முன் நிகழ்கிறதா பின் நிகழ்கிறதா என்று பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. நன்கு அறியப்பட்ட போலியோவிலிருந்து தொடங்குகிறேன்.

போலியோவின் மரபுப் பொருள் ஏறத்தாழ 7,500 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. நம் செல்லின் ரைபோசோம் பொதுவாக ஓர் ஆர்.என்.ஏ.வின் தொடக்கத்தில் ஏறி ஒரே ஒரு புரதத்தைச் செய்துவிட்டு இறங்கிவிடும். ஆகவே ஒரே இழையை வைத்துக்கொண்டு பல புரதங்களைப் பெற வேண்டிய வைரஸுக்கு, எல்லாவற்றையும் ஒரே நீண்ட சங்கிலியாகச் செய்வித்துப் பிறகு வெட்டிக்கொள்வது எளிய வழியாகிறது. போலியோவில் அந்தச் சங்கிலி சுமார் 2,200 அமினோ அமிலங்கள் நீளமுடையது. 1968ஆம் ஆண்டிலேயே இது தெளிவாகிவிட்டது: தொற்றிய செல்களுக்குச் சிறிது நேரம் மட்டும் கதிரியக்க அமினோ அமிலம் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தபோது, முதலில் பெரிய புரதங்கள் தென்பட்டு, நேரம் செல்லச் செல்ல அவை குறைந்து சிறிய புரதங்கள் பெருகின.

உறைக்கான பகுதி சங்கிலியின் முன்பாதியில் இருக்கிறது. அதற்கு பி1 என்று பெயர். ரைபோசோமிலிருந்து சங்கிலி வெளிவந்துகொண்டிருக்கும்போதே, வைரஸின் 2ஏ என்னும் நொதி பி1 பகுதியைத் தனியே பிரித்துவிடுகிறது. பி1இன் முனையில் மிரிஸ்டிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் ஒட்டவைக்கப்படுகிறது, செல்லின் எச்.எஸ்.பி.90 என்னும் துணைப்புரதம் அது சரியாக மடிய உதவுகிறது. அவ்வாறு மடிந்த பி1ஐத்தான் 3சிடி என்னும் நொதி இரண்டு இடங்களில் வெட்டி, விபி0, விபி3, விபி1 என்று மூன்றாக்குகிறது. வெட்டப்பட்ட மூன்றும் பிரிந்து போய்விடுவதில்லை. ஒன்றையொன்று பற்றியபடியே ஓர் அலகாக நிற்கின்றன. அத்தகைய ஐந்து அலகுகள் சேர்ந்து ஓர் ஐங்கோணமும், பன்னிரண்டு ஐங்கோணங்கள் சேர்ந்து ஓர் உறையும் ஆகின்றன. ஒரே சங்கிலியிலிருந்து வருவதால் மூன்று புரதங்களும் சம அளவில், ஓர் உறைக்கு ஒவ்வொன்றும் 60 என்ற கணக்கில் கிடைக்கின்றன. மாணவியின் இரண்டாம் ஐயத்துக்கு இது ஒரு பகுதி விடையாகும். பி1 வெட்டப்படாவிட்டால் ஐங்கோணமே உருவாகாது என்பதால், இந்த இடத்தில் மட்டும் வழிகாட்டி நூலின் விடை பொருந்துகிறது.

இதன் பிறகு இன்னொரு வெட்டு இருக்கிறது. ஆர்.என்.ஏ. உள்ளே அடைபட்ட உறையில், விபி0 ஒவ்வொன்றும் விபி4, விபி2 என இரண்டாகிறது. மூடிய உறைக்குள் வேறு எந்த நொதியும் நுழைய வழியில்லை. புரதம் தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது. இந்த வெட்டு நிகழாத துகள் முழு உருவம் பெற்றிருந்தும், செல்லின் ஏற்பியோடு (வைரஸ் பற்றிக்கொள்ளும் செல்மேற்பரப்புப் புரதம்) ஒட்டிக்கொண்டும், தொற்றை உண்டாக்குவதில்லை. ஏற்பியைத் தொட்டபின் விபி4 வெளியே வந்து செல்சவ்வைத் துளைக்க வேண்டும். விபி2உடன் இன்னும் இணைந்திருக்கும் விபி4ஆல் அது முடியாது.

சத்துவாச்சாரி_ஆய்வுமாணவி

ஐயா போலியோவை விளக்கியதால், நான் எச்.ஐ.வி.யைப் பற்றி எழுதுகிறேன். அந்த விடை பெரும்பாலும் இந்த வைரஸை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இதற்குத்தான் அது சற்றும் பொருந்தவில்லை.

எச்.ஐ.வி.யின் கட்டமைப்புப் புரதம் காக் என்னும் சங்கிலி. அதில் எம்.ஏ., சி.ஏ., எஸ்.பி.1, என்.சி., எஸ்.பி.2, பி6 என்ற பகுதிகள் இந்த வரிசையில் அமைந்துள்ளன. போலியோவில் வெட்டிய பிறகே துகள் கட்டப்படுகிறது என்றால், இங்கே வெட்டாமலே கட்டப்படுகிறது. ஆயிரக்கணக்கான முழுச் சங்கிலிகள் செல்சவ்வின் உட்புறத்தில் அருகருகே நின்று, சவ்வை வெளிப்புறமாக வளைத்துக் கோளமாகப் பிதுங்கி வெளியேறுகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அப்போதைய துகள் சவ்வுக்குக் கீழே ஒரு தடித்த வளையம் போலத் தெரியும். துகள் வெளியேறும்போதும் உடனடியாக அதன் பின்னரும் தான் புரோட்டியேஸ் வேலையைத் தொடங்குகிறது. முதலில் எஸ்.பி.1க்கும் என்.சி.க்கும் இடையே வெட்டு விழுகிறது; எம்.ஏ.வுக்கும் சி.ஏ.வுக்கும் இடைப்பட்டது அதைவிட மெதுவாகவும், சி.ஏ.வுக்கும் எஸ்.பி.1க்கும் இடைப்பட்டது எல்லாவற்றையும் விட மெதுவாகவும் வெட்டப்படுகின்றன. கடைசி வெட்டு முடிந்ததும் விடுபட்ட சி.ஏ. புரதங்களில் ஒரு பகுதி மீண்டும் அணிவகுத்து, சுமார் 250 அறுகோணங்களும் சரியாக 12 ஐங்கோணங்களும் கொண்ட கூம்பு வடிவ உள்ளுறையை அமைக்கிறது.

இந்த வெட்டுகள் ஒவ்வொன்றும் வடிவத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைப் படித்தபோது எனக்குப் பெரும் வியப்பு ஏற்பட்டது. எம்.ஏ.வுக்கும் சி.ஏ.வுக்கும் இடையே வெட்டு விழுந்தவுடன், சி.ஏ.வின் புதிய முனையில் நிற்கும் புரோலின் உள்நோக்கி மடங்கி, 51ஆம் இடத்திலுள்ள அஸ்பார்ட்டிக் அமிலத்தோடு பிணைந்துகொள்கிறது. வெட்டுவதற்கு முன் அந்த முனையே கிடையாது. மறுபுறம், சி.ஏ.வும் எஸ்.பி.1உம் சேரும் இடத்தில் ஆறு சங்கிலிகள் ஒரு கற்றையாக முறுக்கி நின்று, ஐ.பி.6 என்னும் சிறு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு பழைய அமைப்பைக் காத்துவருகின்றன. கடைசி வெட்டு அந்தக் கற்றையை அவிழ்க்கிறது. பிறகு அதே ஐ.பி.6 புதிய அறுகோணத்தின் நடுத்துளையில் அமர்ந்து கூம்பைத் தாங்குகிறது.

ஆகவே புரோட்டியேஸ் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்ட செல்லிலிருந்தும் துகள்கள் வெளிவரவே செய்கின்றன. அவை முதிராமல் வளைய வடிவிலேயே நின்றுபோய், தொற்றும் ஆற்றலின்றி இருக்கின்றன.

காட்பாடி_ஆசிரியர்

மிக்க நன்றி. துகள்கள் வெளிவந்துகொண்டே இருக்குமானால், மருந்து உண்பவரின் குருதியில் வைரஸ் அளவு குறைவது எவ்வாறு? பரிசோதனையில் எண்ணப்படுவது ஆர்.என்.ஏ. தானே, முதிராத துகளிலும் அது இருக்குமே?

சத்துவாச்சாரி_ஆய்வுமாணவி

நல்ல கேள்வி, ஐயா. முதிராத துகள்களின் ஆர்.என்.ஏ.வும் அந்த எண்ணிக்கையில் சேர்கிறது. 1996இல் பெரெல்சன் என்னும் ஆய்வாளரின் குழுவினர் ரிட்டோனாவிர் என்னும் புரோட்டியேஸ் தடுப்பு மருந்து தரப்பட்ட ஐந்து நோயாளிகளின் குருதியைத் தொடர்ந்து அளந்தபோது, தொற்றும் துகள், தொற்றாத துகள் என்று இரண்டையும் பிரித்துத்தான் கணக்கிட்டனர். குருதியில் ஒரு துகளின் அரை ஆயுள் சுமார் 6 மணி நேரம். வைரஸை உற்பத்தி செய்யும் செல் சராசரியாக 2.2 நாட்களே வாழ்கிறது. அந்தச் செல்கள் இறந்த பிறகு அவற்றின் இடத்துக்குப் புதிதாகத் தொற்றிய செல்கள் வருவதில்லை. அதனால்தான் எண்ணிக்கை சரிகிறது. மருந்து துகளின் வெளியேற்றத்தை மறிப்பதில்லை, அடுத்த தொற்றை மறிக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லலாம்.

பாலாற்றங்கரை

இந்த வெட்டுகளைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு என்பதையும் இங்கே சேர்க்கிறேன். 1986இல் சென்னையில் சேகரிக்கப்பட்ட குருதி மாதிரிகள் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. பிற்காலத்தில் உறுதிப்படுத்தும் சோதனையாக வெஸ்டர்ன் பிளாட் பரவலாக வழங்கியது. வைரஸின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் படியவைத்த ஒரு சிறு பட்டையின் மேல் நோயாளியின் சீரத்தை ஊற்றினால், எந்தெந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதோ அந்தந்த இடத்தில் கோடு தோன்றும். கோடுகளின் எண் அந்தந்தப் புரதத்தின் எடையைக் (கிலோடால்டன்) குறிக்கும்: 24 என்ற கோடு சி.ஏ., 17 என்பது எம்.ஏ., 55 என்பது வெட்டப்படாத முழுக் காக். மேலே 160 என்பது மேலுறைப் புரதத்தின் முழு வடிவம். 120, 41 இரண்டும் அதன் துண்டுகள். அந்தப் பட்டையில் 55உம் 24உம் நிற்பதைக் காட்டினால், முன்னோடிப் புரதத்தையும் வெட்டுண்ட புரதத்தையும் ஒருசேரக் காட்டியதாக ஆகும். பழைய பட்டையின் படம் ஒன்றை வகுப்பில் காட்டுவது நூறு வரி விளக்கத்தை விடப் பயன் தரும் என்று நம்புகிறேன்.

160ஐ வெட்டுவது வைரஸின் புரோட்டியேஸ் அன்று, செல்லுக்கே உரிய ஃபியூரின் என்னும் நொதி; ஆகையால் அந்த மருந்துகள் இந்த வெட்டைத் தொடுவதில்லை.

ஆற்காடு_மருந்தாளுநர்

கொரோனாவுக்குத் தரப்பட்ட நிர்மாட்ரெல்விர் மாத்திரையும் புரோட்டியேஸ் தடுப்பு மருந்துதான். அதோடு ரிட்டோனாவிரையும் சேர்த்தே தந்தார்கள். அதுவும் இதே வகையில் வேலை செய்கிறதா?

சத்துவாச்சாரி_ஆய்வுமாணவி

இல்லை, ஐயா. கொரோனா வைரஸில் எஸ், ஈ, எம், என் என்னும் நான்கு கட்டமைப்புப் புரதங்களும் தனித்தனிச் சிறு ஆர்.என்.ஏ.க்களிலிருந்து தனித்தனியாகவே செய்யப்படுகின்றன. அந்த மாத்திரை தடுக்கும் நொதி, ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் புரதங்களின் சங்கிலியை மட்டுமே வெட்டுகிறது. எனவே துகள் கட்டப்படும் கட்டத்துக்கு முன்பே வைரஸின் பெருக்கம் நின்றுவிடுகிறது. அங்கே ரிட்டோனாவிர் வைரஸைத் தாக்குவதற்காகச் சேர்க்கப்படவில்லை. கல்லீரல் நொதி ஒன்றின் வேகத்தைக் குறைத்து மற்ற மருந்து உடலில் நெடுநேரம் தங்க உதவுகிறது.

பாலாற்றங்கரை

இதுவரை எழுதியவற்றிலிருந்து நான் கொண்டுள்ள கருத்தை முன்வைக்கிறேன். செல்லுக்குள் துகள் கூடிக் கட்டப்பட வேண்டும். அடுத்த செல்லுக்குள் அதே துகள் குலைந்து மரபுப் பொருளை விடுவிக்க வேண்டும். ஒரே புரதங்கள் ஒரே வகையான சூழலில் எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்ய முடியாது. வெட்டு என்பது மீளாத மாற்றம். அறுந்த பிணைப்பு மறுபடி ஒட்டாது. ஆகையால் முதிர்ச்சி வெட்டு (கட்டப்பட்ட துகளைத் தொற்றும் நிலைக்குக் கொண்டுவரும் வெட்டு) முழுவதும் குலைவதற்கான ஏற்பாடு என்றே கருதுகிறேன்.

குடியாத்தம்_கால்நடைமருத்துவர்

பெரியவர் சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் 'குலைவதற்கான ஏற்பாடு' என்று மட்டும் சொன்னால், வெட்டுக்குப் பின் துகள் நலிவடைந்துவிடுகிறது என்று மாணவர்கள் பொருள் கொள்வார்கள். போலியோவில் விபி0 வெட்டுண்ட துகளே முந்தைய நிலையை விட உறுதியானது. உறுதியும் வேண்டும், ஏற்பி தொட்ட கணத்தில் திறந்தும் கொள்ள வேண்டும். நாணேற்றிய வில் போன்ற நிலை அது.

என் துறையில் போலியோவின் உறவினனான கோமாரி வைரஸை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அதன் உறைப் புரதங்களும் ஒரே சங்கிலியாகப் பிறந்து 3சி நொதியால் வெட்டப்பட்டு ஐங்கோணங்களாகச் சேர்கின்றன. முழுத் துகளை 146எஸ் என்று அழைக்கிறோம் (எஸ் என்பது வேகமாகச் சுழற்றும்போது துகள் படியும் வேகத்தின் அளவு). அமிலம் சற்றே ஏறினாலும், வெப்பம் கூடினாலும் அது 12எஸ் ஐங்கோணங்களாகச் சிதறிவிடும். செல்லுக்குள் நுழைந்ததும் அமிலச் சிற்றறையில் சிதறி ஆர்.என்.ஏ.வை விடுவிக்க இந்தப் பண்பு வைரஸுக்கு உதவுகிறது. இறந்த மாட்டின் தசை விறைக்கும்போது உண்டாகும் அமிலத்தில் வைரஸ் அழிவதும், அமிலம் ஏறாத எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் அது தங்கிவிடுவதும் இதே காரணத்தால்தான்.

தடுப்பூசிக்கு இந்தப் பண்பே பெரும் இடையூறு. கோமாரித் தடுப்பூசியின் வீரியம், அதில் சிதறாமல் இருக்கும் 146எஸ் துகள்களின் அளவைப் பொறுத்தது. சிதறிய ஐங்கோணங்களில் அதே புரதங்கள் இருந்தாலும் அவை தரும் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைவு. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் நம் பகுதியில் இருப்பதால், தடுப்பூசி என்றாலே குளிர்பெட்டி என்பது இங்குள்ள மாடு வளர்ப்போருக்கும் பழகிய செய்திதான். 2 முதல் 8 பாகை செல்சியஸ் ஏன் என்று அவர்கள் கேட்கும்போது, உறை சிதறிவிடும் என்பதே நான் தரும் விடை. சித்திரை வெயிலில் வண்டியில் வைத்து மறந்துவிட்ட மருந்துக் குப்பி பார்வைக்கு எந்த மாற்றமும் இன்றி இருக்கும், ஊசியும் போடப்படும், மாட்டுக்குப் பாதுகாப்பு மட்டும் கிடைக்காது. இதனால் ஏழைக் குடும்பம் தன் கறவை மாட்டை இழப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

பாலாற்றங்கரை

மருத்துவர் சொன்ன திருத்தம் பொருத்தமானது, ஏற்கிறேன். போலியோத் தடுப்பூசியிலும் இதே நிலைதான். ஊசிவழி மருந்தின் வீரியம் 'டி' எதிர்ப்பொருள் தூண்டி அளவில் குறிக்கப்படுகிறது. அது முழுமையான, முதிர்ந்த துகளின் மேற்பரப்புக்கே உரியது. வெப்பத்தில் துகள் 'சி' என்னும் வேறு வடிவத்துக்கு மாறிவிட்டால், பாதுகாப்புத் தரும் எதிர்ப்பொருள்கள் உருவாவதில்லை.

சத்துவாச்சாரி_ஆய்வுமாணவி

இருவரிடமும் பணிவுடன் ஒரு மாற்றுக்கருத்து. வெட்டின் பயன் என்ன என்று கேட்பதற்கு இணையாக, அது முன்கூட்டியே நிகழாமல் எப்படிக் காக்கப்படுகிறது என்றும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். எச்.ஐ.வி.யின் புரோட்டியேஸ் 99 அமினோ அமிலங்களே கொண்டது. இரண்டு சேர்ந்து இணையானால்தான் வேலை செய்யும். அது காக்-போல் என்னும் நீண்ட சங்கிலிக்குள் புதைந்து வருகிறது. ரைபோசோம் ஓர் எழுத்து பின்வாங்கிப் படித்தால் மட்டுமே அந்தச் சங்கிலி உருவாகும் என்பதால், ஏறக்குறைய இருபது காக் சங்கிலிகளுக்கு ஒன்று வீதம்தான் கிடைக்கிறது. சைட்டோபிளாசத்தில் அவை ஒன்றையொன்று சந்திப்பது அரிது; சவ்வருகே நெருக்கமாகக் கூடும்போதுதான் இணைகின்றன. எஃபாவிரென்ஸ் என்னும் மருந்து மிகுதியான செறிவில் இந்தச் சங்கிலிகளை முன்கூட்டியே இணையச் செய்யும்போது, காக் செல்லுக்குள்ளேயே துண்டாகித் துகள் உற்பத்தி குறைகிறது. அதோடு, செல்லின் கார்டு8 என்னும் புரதம் அந்தப் புரோட்டியேஸின் வெட்டை உணர்ந்து செல்லையே இறக்கச் செய்கிறது என்பதும் 2021இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. வெட்டைத் தடுப்பது போலவே, காலத்துக்கு முன் வெட்டச் செய்வதும் வைரஸுக்குக் கேடு.

சிக்குன்குனியா இன்னும் வியப்பூட்டுகிறது. 1964இலேயே வேலூரில் பெரிதாகப் பரவிய நோய் அது. அதன் கேப்சிட் புரதமே ஒரு புரோட்டியேஸ். சங்கிலியிலிருந்து தன்னை ஒரே ஒருமுறை வெட்டிக்கொண்டதும், வெட்டுண்ட தன் முனையே தன் நொதிக்குழியில் தங்கி அடைத்துக்கொள்வதால், அதன்பின் அது வேறெதையும் வெட்டுவதில்லை.

பாலாற்றங்கரை

வேலூர் என்றதும், இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 1955இல் முதன்முதலாக அறியப்பட்டதும் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான் என்பது நினைவுக்கு வருகிறது. அந்த வைரஸும் டெங்குவும் ஒரே குடும்பம். 'காலத்துக்கு முன் நிகழாமல் காத்தல்' என்ற கருத்துக்கு அவையே சிறந்த சான்று. துகள் எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் கட்டப்படும்போது, துகளின் மேற்பரப்பிலுள்ள ஈ புரதத்தின் சவ்வைத் துளைக்கும் முனையைப் பிஆர் என்னும் பகுதி மூடியிருக்கிறது. வெளியேறும் வழியில் துகள் அமிலத்தன்மையுள்ள கோல்கி உறுப்பைக் கடக்க வேண்டியிருப்பதால், மூடியில்லாவிட்டால் முனை அங்கேயே விழித்துக்கொண்டு சவ்வோடு இணைந்துவிடும். 60 முள்கள் துருத்திய அந்தத் துகள் அமிலத்தில் தட்டையாக மாறும்போது ஃபியூரின் வெட்டுகிறது. வெட்டப்பட்ட பின்னும் பிஆர் உடனே உதிராமல், நடுநிலைச் சூழலான செல்லின் வெளிப்புறத்தை அடைந்த பிறகே உதிர்கிறது.

டெங்குவில் இந்த வெட்டு பல துகள்களில் முழுமையடைவதில்லை. எஞ்சிய பிஆர் பகுதிக்கு எதிராக நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் வைரஸைச் செயலிழக்கச் செய்வதில் வலுவற்றவை. மாறாக, அடுத்த முறை வேறு வகை டெங்கு தொற்றும்போது வைரஸ் வெள்ளணுக்களுக்குள் எளிதில் நுழைய உதவக்கூடும். இரண்டாம் முறை வரும் டெங்குவில் கூடுதல் கவனம் தேவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காட்பாடி_ஆசிரியர்

துகள் செல்லை விட்டு முற்றிலும் வெளியேறிய பிறகு, உடலின் வேறோர் உறுப்பில் சுரக்கும் நொதியால் வெட்டப்படும் வைரஸ் ஏதேனும் உண்டா? மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

சத்துவாச்சாரி_ஆய்வுமாணவி

உண்டு, ஐயா. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ். உள்நாட்டுத் தடுப்பு மருந்தான ரோட்டாவேக் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட மூன்று இடங்களில் டெல்லி, புனேயுடன் வேலூரும் ஒன்று. ரோட்டா வைரஸின் துகள் மூன்று அடுக்குகள் உடையது. வெளியே 60 முள்களாக விபி4 நிற்கிறது (போலியோவின் விபி4 வேறு, இது வேறு). வெட்டப்படாத விபி4உடன் செல்லைச் சேர்ந்தால் தொற்று மிகவும் பலவீனமாகவே இருக்கும். டிரிப்சின் அதை விபி8, விபி5 என்று வெட்டிய பிறகு, விபி8 செல்லைப் பற்றுகிறது. விபி5 மடங்கித் திரும்பிச் சவ்வைத் துளைக்கிறது. டிரிப்சின் கணையத்தில் சுரந்து சிறுகுடலில் செயல்படுவது. ரோட்டா வைரஸ் தாக்குவதும் சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைப் போர்த்திய செல்களைத்தான். ஆய்வகத்தில் இதை வளர்க்கும்போது ஊடகத்தில் டிரிப்சின் சேர்க்கிறோம். சீரத்தில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால், வழக்கமாகச் சேர்க்கும் சீரத்தை அப்போது நீக்கிச் செல்களை நன்கு கழுவிவிடுகிறோம்.